பழுதறியும் முறை

மருத்துவரை நாடிச் செல்லும் ஒருவன், "தலை வலிக்கிறது" என்று கூறுகிறான். தலைவலி நோயின் அறிகுறி மட்டுமே. அது கண்ணின் குறையாலும் வரலாம், வயிற்றின் கோளாற்றாலும் வரலாம், உறக்கமின்மையாலும் வரலாம். காரணத்தை ஆராயாமல் மருந்து கொடுப்பவன் நல்ல மருத்துவன் ஆகான். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் வற்புறுத்தும் கருத்துகளுள் இதுவும் ஒன்று. மனித உடலுக்குப் பொருந்தும் இந்நெறி, மனிதன் ஆக்கிய யந்திரங்களுக்கும் பொருந்தும்.

கார் ஒன்று வழியில் நின்றுவிடுகிறது என்க. சூழ்ந்து நிற்போர் ஆளுக்கொரு காரணம் கூறுவர். பேட்டரி தீர்ந்துவிட்டது என்பார் ஒருவர்; பெட்ரோல் பம்ப் கெட்டுவிட்டது என்பார் மற்றொருவர்; எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும் என்பார் வேறொருவர். இவற்றுள் எது உண்மை என்பதைச் சோதனைதான் முடிவு செய்ய வேண்டும். பெரிய உறுப்புகள் யாவும் நலமாயிருக்க, தீப்பெட்டியளவே உள்ள ஒரு சிறு பெட்டி வண்டியை நிறுத்தியிருத்தலும் உண்டு. அப்பெட்டிக்கு ரிலே என்பது பெயர். அதன் தொழில் யாது, அது பழுதுற்றதை ஐயமின்றி அறிவது எவ்வாறு என்பவற்றைக் காண்பது, ஒரு யந்திரத்தின் பழுதை மட்டுமன்றி, எப்பழுதையும் ஆராயும் முறையைக் கற்பதாகும்.

ரிலேயின் தேவை

காரில் மின்சாரத்தால் இயங்கும் உறுப்புகள் பல. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர், முகப்பு விளக்குகள், பெட்ரோலை உந்தும் பம்ப், தீப்பொறியை எழுப்பும் இக்னிஷன் சுருள் முதலியன அவற்றுட் சில. இவற்றுட் பலவற்றிற்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். ஸ்டார்ட்டர் மட்டுமே நூறு ஆம்பியருக்கு மேலும் வாங்கக்கூடியது. ஆனால், ஓட்டுநர் திருப்பும் சாவித்துளையின் பின்னே இருக்கும் தொடுமுனைகளோ மிகச் சிறியவை. அத்தனை மின்னோட்டமும் அவற்றின் வழியே சென்றால் அவை விரைவில் கருகிப்போகும். மேலும், தடித்த கம்பிகளை ஓட்டுநரின் இருக்கை வரை கொண்டுவந்து திரும்பவும் கொண்டுசெல்ல நேரும்.

ஏரி நீரை வயலுக்குப் பாய்ச்ச விரும்பும் உழவன், அந்நீரைத் தன் தோளில் சுமந்து செல்வதில்லை. மதகின் பலகையைச் சிறிது உயர்த்துகிறான். அவன் செலவிடும் வலிமை சிறிது; பாயும் நீரோ பெரிது. ரிலேயும் அத்தகைய மதகே ஆகும். சாவியின் வழியே வரும் சிறு மின்னோட்டம் மதகைத் திறக்கிறது. பேட்டரியிலிருந்து பெரு மின்னோட்டம் உறுப்புகளுக்குப் பாய்கிறது.

பிறந்த வரலாறு

இவ்வமைப்புக்கு அடிப்படை மின்காந்தம். வில்லியம் ஸ்டர்ஜன் என்னும் ஆங்கிலேயர் 1825-ஆம் ஆண்டில் அதனை அமைத்துக் காட்டினார். இரும்பின்மேல் கம்பியைச் சுற்றி, அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் இரும்பு காந்தமாகிறது. மின்சாரம் நின்றதும் அத்தன்மை நீங்குகிறது. அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி, 1831-இல் ஆல்பனி நகரில் ஒரு மைலுக்கும் மேற்பட்ட கம்பியின் வழியே மின்சாரத்தை அனுப்பி, மறுகோடியில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். பின்னர்ப் பிரின்ஸ்டனில் பணியாற்றியபோது, சிறு மின்னோட்டத்தால் இயங்கும் மின்காந்தத்தைக்கொண்டு வேறொரு வலிய மின்சுற்றைக் கட்டுப்படுத்தவும் முடியும் என்று விளக்கினார்.

தந்தி முறை பரவியபோது இக்கருத்து பெரிதும் பயன்பட்டது. நெடுந்தொலைவு ஓடித் தளர்ந்த தந்திக் குறிப்பை, வழியில் இருந்த கருவியொன்று வாங்கி, புதிய பேட்டரியின் வலிமையோடு மேலே அனுப்பியது. பண்டைத் தபால் வழிகளில் களைத்த குதிரைக்கு மாற்றாகப் புதிய குதிரையைப் பூட்டும் ஏற்பாட்டை ஐரோப்பியர் ரிலே என்று வழங்கினர். அப்பெயரே இக்கருவிக்கும் அமைந்தது.

தொடக்க காலக் கார்களை முன்புறக் கைப்பிடியைச் சுழற்றியே கிளப்பினர். கைப்பிடி திடீரெனப் பின்னோக்கி உதைத்துக் கை முறிந்தோர் பலர். சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன் பின் காரில் மின்சாரத்தின் பணி வளர்ந்துகொண்டே வந்தது. மின் உறுப்புகள் பெருகப் பெருக, அவற்றை ஏவும் ரிலேக்களும் பெருகின.

அமைப்பும் தொழிலும்

ரிலேயின் மூடியைக் கழற்றினால் உள்ளே நான்கு பொருள்கள் காணப்படும். மெல்லிய கம்பியாலான சுருள் ஒன்று. அதன் மேலே அசையும் இரும்புத் தகடு ஒன்று. அத்தகட்டை விலக்கி வைத்திருக்கும் வில் ஒன்று. ஒன்றையொன்று தொடவும் விலகவும் வல்ல தொடுமுனைகள் இரண்டு. அடிப்புறத்தில் நான்கு உலோகக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பல கார்களில் அவற்றின் அருகே 85, 86, 30, 87 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இவை ஜெர்மானியத் தர முறையைச் சார்ந்த எண்கள்.

85, 86 என்னும் கால்கள் சுருளின் இரு முனைகள். 30 என்பது பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் வழி. 87 என்பது உறுப்புகளுக்குச் செல்லும் வழி. ஓட்டுநர் சாவியைத் திருப்பியதும் சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. அது ஓர் ஆம்பியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆகும். உடனே இரும்பு காந்தமாகித் தகட்டை இழுக்கிறது. தொடுமுனைகள் 'டிக்' என்ற ஓசையுடன் சேர்கின்றன. 30-க்கும் 87-க்கும் இடையே பாதை திறக்கிறது. அப்பாதையில் 30 ஆம்பியர் வரையும் பாயலாம். சாவியை மீட்டதும் வில் தகட்டை விலக்குகிறது, பாதை மூடுகிறது.

இவ்வாறு இக்னிஷன் சுருள், எஞ்சினைக் கண்காணிக்கும் கணிப்பொறி முதலியவற்றிற்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது இக்னிஷன் ரிலே. சில கார்களில் பெட்ரோல் பம்புக்கும் அதுவே வழிவிடும். வேறு சிலவற்றில் பம்புக்குத் தனி ரிலே இருக்கும்.

பழுதுறும் வகைகள்

ரிலே பழுதுறும் வகை ஒன்றன்று. சுருளின் கம்பி அறுந்துபோகலாம். அப்போது தகடு அசையாது. தொடுமுனைகள் ஒவ்வொரு முறை பிரியும்போதும் எழும் நுண்பொறியால் நாளடைவில் கருகிப்போகலாம். அப்போது தகடு அசைந்தும் மின்சாரம் செல்லாது, அல்லது குறைவாகவே செல்லும். மிகு வெப்பத்தால் தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். அப்போது சாவியை எடுத்த பின்பும் மின்சாரம் ஓடிப் பேட்டரியை வடித்துவிடும். உட்பலகையில் உள்ள ஈயப்பற்றில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகலாம். ரிலே நன்றாயிருக்க, அது செருகப்பட்ட குழியில் ஈரத்தால் பச்சைக் களிம்பு ஏறியிருத்தலும் உண்டு.

இவற்றை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஓசை கேட்டால் ரிலே நன்று என்று கொள்வது தவறு. தொடுமுனை கருகியிருப்பினும் ஓசை எழும். ஓசை கேளாவிட்டால் ரிலே கெட்டது என்று கொள்வதும் தவறு. சாவியிலிருந்து சுருளுக்கு மின்சாரமே வராதிருக்கலாம். ஏவல் வராதபோது வாளாவிருக்கும் ஏவலாளன்மீது குற்றம் சுமத்துதல் நீதியாகுமோ?

ஆராயும் முறை

முதலில் அறிகுறியை வகைப்படுத்த வேண்டும். சாவியைத் திருப்பியதும் விளக்குகள் மங்கி, ஸ்டார்ட்டர் சுழலாமல் நின்றால், பேட்டரியையும் அதன் முனைகளையும் முன்னர் நோக்குதல் வேண்டும். முழு வலிமையுள்ள 12 வோல்ட் பேட்டரி, ஓய்வாயிருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் நன்கு சுழன்றும் எஞ்சின் பற்றிக்கொள்ளவில்லையெனின், பெட்ரோலோ தீப்பொறியோ கிட்டவில்லை என்பது பொருள். அப்போதுதான் இக்னிஷன் ரிலே ஐயத்திற்குரியதாகிறது. அதற்குரிய ஃபியூஸையும் உடன் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது இடமாற்றச் சோதனை. ஹாரனுக்கோ விளக்குக்கோ உரிய ரிலே, எண்ணிலும் அமைப்பிலும் இதனோடு முற்றும் ஒத்திருந்தால், சாவியை எடுத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றி வைக்கலாம். இப்போது எஞ்சின் கிளம்பி, ஹாரன் ஒலிக்காமற் போனால், பழுது ரிலேயைத் தொடர்ந்து சென்றுவிட்டது என்பது தெளிவு. எஞ்சின் கிளம்பாமல் ஹாரன் ஒலிக்குமாயின் அந்த ரிலே குற்றமற்றது; பழுது வேறிடத்தில் உள்ளது.

ஒத்த ரிலே கிட்டாதபோது குழியை ஆராய்தல் வேண்டும். ரிலேயைப் பிடுங்கியபின் குழியில் நான்கு வினாக்களை எழுப்பலாம். 30-ஆம் இடத்தில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் உள்ளதா? சாவியைத் திருப்பியதும் 86-ஆம் இடத்திற்கு மின்சாரம் வருகிறதா? 85-ஆம் இடம் வண்டியின் உடலோடு எர்த் இணைப்புக் கொண்டுள்ளதா? 30-ஐயும் 87-ஐயும், ஃபியூஸ் பொருத்திய கம்பியொன்றால் சற்று நேரம் இணைத்தால், உரிய உறுப்பு இயங்குகிறதா? முதல் வினாவிற்கு 'இல்லை' என்பது விடையாயின் ஃபியூஸிலோ பேட்டரிக் கம்பியிலோ குறை. இரண்டாவதற்கு 'இல்லை' எனின் சாவியின் சுற்றில் குறை. மூன்றாவதற்கு 'இல்லை' எனின் எர்த் கம்பியில் குறை. நான்காவதற்கு 'இல்லை' எனின் உறுப்பிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ குறை. நான்கிற்கும் 'ஆம்' என்ற விடை வந்தால், எஞ்சி நிற்பது ரிலே ஒன்றே. குற்றமற்றவரை ஒவ்வொருவராக விலக்கி, இறுதியில் குற்றவாளியைக் காணும் முறை இது.

சில கார்களில் 85, 86 இரண்டும் இடம் மாறியிருக்கும். சிலவற்றில் எர்த் இணைப்பைக் கணிப்பொறியே அளிக்கும். ஆகையால் அந்தக் காருக்குரிய மின்சுற்றுப் படத்தை அருகில் வைத்துக்கொண்டே சோதித்தல் வேண்டும். ஊகத்தால் இரு முனைகளை இணைப்பது விலையுயர்ந்த கணிப்பொறியைக் கெடுத்துவிடும்.

பிடுங்கிய ரிலேயையும் தனியே சோதிக்கலாம். 85-க்கும் 86-க்கும் இடையே மின்தடையை அளந்தால், 12 வோல்ட் ரிலேக்கள் பலவற்றில் ஏறக்குறைய 50 முதல் 120 ஓம் வரை காட்டும். அளவுகருவி பாதையே இல்லை என்று காட்டினால் சுருள் அறுந்தது. சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்து, 30-க்கும் 87-க்கும் இடையே பாதை உண்டாகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. கருகிய முனை, அளவுகருவியின் மிகச் சிறு மின்னோட்டத்திற்கு வழிவிட்டு, பம்பின் பெரு மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். வெறுங்கையோடு பாலத்தைக் கடந்தவன், பாரவண்டியையும் அது தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆதலால், உறுப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது இரு முனைகளுக்கும் இடையே இழக்கப்படும் வோல்ட்டை அளப்பதே தக்க சோதனை. நல்ல தொடுமுனைகளில் அது வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேற்படாது.

ஒளிந்துகொள்ளும் பழுது

எப்போதும் இருக்கும் பழுது எளிதில் அகப்படும். வந்து வந்து மறையும் பழுதே தொழிலாளியின் அறிவைச் சோதிப்பது. 1980-களிலும் 1990-களிலும் செய்யப்பட்ட ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் இத்தகைய பழுது பெயர் பெற்றது. காலையில் அக்கார் உடனே கிளம்பும். நண்பகலில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால், ஸ்டார்ட்டர் சுழலும், எஞ்சின் பற்றிக்கொள்ளாது. கதவுகளைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் காத்திருந்தால் மீண்டும் கிளம்பிவிடும். பட்டறைக்குக் கொண்டுசெல்வதற்குள் வண்டி குளிர்ந்துவிடுமாதலின், அங்கே ஒரு குறையும் புலப்படாது. இதனால், பம்பையும் பிளக்குகளையும் வீணே மாற்றிப் பொருளிழந்தோர் உளர்.

அத்தகைய கார் ஒன்று பட்டறைக்கு வருகிறது என்க. இளந்தொழிலாளி, "அண்ணே, பம்பை மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறான். அனுபவம் மிக்க தொழிலாளியோ, "எந்த நேரத்தில் கிளம்பவில்லை என்று வண்டிக்காரரைக் கேட்டாயா, தம்பி?" என்று திருப்பிக் கேட்கிறார். வெயில் நேரத்தில் மட்டும் என்ற விடை கிடைக்கிறது. உடனே அவர் வண்டியை வெயிலில் நிறுத்தச் செய்கிறார். பழுது தானே வெளிப்படும் வரை பொறுத்திருக்கிறார்.

இரண்டு மணி நேரம் கழிந்தபின் சாவியைத் திருப்புகிறார். வழக்கமாக அப்போது பம்ப் இரண்டு வினாடி முரலும், இப்போது முரலவில்லை. பம்புக்கு நேரே மின்சாரம் கொடுக்கிறார், அது இயங்குகிறது. எனவே, பம்ப் குற்றமற்றது. ரிலேக்கு வரும் மின்சாரமும் எர்த் இணைப்பும் ஒழுங்காக உள்ளன. இக்கார்களின் ரிலேயில் கால்களின் எண்ணிக்கை மிகுதியாயினும் ஆராயும் முறை ஒன்றே. ரிலேயைத் திறந்து, உருப்பெருக்கும் கண்ணாடியால் நோக்குகிறார். ஈயப்பற்று ஒன்றைச் சுற்றி நுண்ணிய வளையம்போல் வெடிப்பொன்று தென்படுகிறது. வெப்பத்தால் உலோகம் விரியும்போது அவ்வெடிப்பு திறக்கிறது; குளிரும்போது மூடிக்கொள்கிறது. வண்டியின் விந்தையான நடத்தைக்கு அதுவே காரணம்.

அவர் அத்துடன் நிறுத்தவில்லை. பற்றைப் புதிதாக உருக்கிச் சேர்த்து, ரிலேக்குச் சூடான காற்றை ஊட்டி, மீண்டும் மீண்டும் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் எஞ்சின் கிளம்புகிறது. பழுதை வரவழைக்கவும் முடிந்தது, போக்கவும் முடிந்தது. இவ்விரண்டும் கூடிய பின்னரே காரணம் ஐயமின்றிக் கைப்பட்டது எனலாம்.

காரணத்தின் காரணம்

பழுதுற்ற ரிலேயை நீக்கிப் புதியதை வைத்ததும் பணி முடிந்தது என்று எண்ணலாகாது. அது ஏன் கெட்டது என்ற வினா இன்னும் எஞ்சி நிற்கிறது. தேய்ந்த பம்ப் ஒன்று அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுத்து ரிலேயின் முனைகளைக் கருக்கியிருக்கலாம். அவ்வாறாயின் புதிய ரிலேயும் சில திங்களில் கருகும். குழியின் பிடி தளர்ந்து சூடேறியிருக்கலாம், மழைநீர் கசிந்திருக்கலாம். அதனை விடுத்து, அடிக்கடி அறுந்த ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியை வைப்பது பெருங்கேடு விளைக்கும். ஃபியூஸ் தன்னை அழித்துக்கொண்டு வண்டியைக் காப்பது. அதனை ஏமாற்றினால் கம்பிகள் தீப்பற்றும்.

சோதனை செய்வோர் சில விதிகளை மறவாதிருத்தல் வேண்டும். வண்டியை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் மணம் வீசும் இடத்தில் பொறி எழும் சோதனை எதுவும் கூடாது. காற்றுப்பைக்குச் செல்லும் கம்பிகளைத் தொடவே கூடாது. கற்கும் பருவத்தினர் தொழிலறிந்தவர் உடனிருக்கும்போதே இவற்றைச் செய்தல் தகும்.

இன்றைய கார்களின் கணிப்பொறி, தான் கண்ட குறையை எண்களால் குறித்து வைக்கிறது. அக்குறிப்பைப் படிக்கும் கருவிகளும் பட்டறைகளில் உள்ளன. ஆயினும், அக்குறிப்பு எத்திசையில் தேட வேண்டும் என்று காட்டுமேயன்றி, தேடும் உழைப்பைத் தவிர்த்துவிடாது. பம்பின் சுற்றில் குறை என்று அது கூறும். பம்பா, கம்பியா, ரிலேயா என்று முடிவு செய்யும் பொறுப்பு மனிதனுடையதே.

நோயாளியை ஏற்றிக்கொண்டு விரையும் வண்டி வழியில் நில்லாதிருப்பது, என்றோ ஒரு நாள் ஒரு தொழிலாளி பொறுமையோடு செய்த சோதனையின் பயனாக இருக்கலாம். அவனுடைய பெயரை அந்த நோயாளி அறியான். எனினும், கேட்டறிதல், வகைப்படுத்தல், ஒவ்வொன்றாகச் சோதித்தல், கண்டதை மீண்டும் சரிபார்த்தல் என்னும் நான்கு படிகளையும் தாண்டாமல் ஏறிய அவனுடைய அறிவு, ஓர் உயிரைக் காத்து நிற்கிறது. ஊகித்து மாற்றுபவன் பொருளை விற்பவன். ஆராய்ந்து தெளிபவனே பழுதைத் தீர்ப்பவன்.

பயிற்சி

1. ரிலேயை மதகோடு ஒப்பிடுவதன் பொருத்தத்தை விளக்குக.
2. 'டிக்' என்ற ஓசையைக்கொண்டு மட்டும் ரிலேயின் நிலையை முடிவு செய்யலாகாது. ஏன்?
3. குழியில் எழுப்ப வேண்டிய நான்கு வினாக்களையும், அவற்றின் விடைகளால் அறியப்படுவனவற்றையும் எழுதுக.
4. வெயிலில் நின்ற வண்டி கிளம்பாமைக்குக் காரணம் யாது? அது எவ்வாறு உறுதி செய்யப்பட்டது?
5. 'பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்திற்கும் ஒரு காரணம் உண்டு.' இக்கருத்தை, அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து ஒரு பக்க அளவில் எழுதுக.